பற்றவைக்காத அடுப்பு

சிங்கப்பூரில், என் சுவா சூ காங் வீட்டுச் சமையலறையில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் மகள் அதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள். நான் விடுவதில்லை. அதை வாங்கியவர் தையல்கார அக்கா. வாங்க வைத்தவள் நான்.

அறுபதுகளில், நெரிசல் வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் அடுக்குமாடிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. வீடு ஒதுக்கும் எங்கள் அலுவலகத்துக்கு அந்த இலக்கு ஒரு கரும்பலகையாக வந்து சேர்ந்தது. இடப்பக்கம் தெருப்பெயர், வலப்பக்கம் இன்னும் வீடு ஒதுக்கப்படாத குடும்பங்களின் எண்ணிக்கை. எண் குறைந்தால் முன்னேற்றம். நான் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் தற்காலிக ஊழியர். எங்களுக்குச் சொல்லித்தந்த விதி எளிது: தனி அடுப்பு எரிந்தால் தனிக் குடும்பம், தனி வீடு.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடி. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் குடும்பம். அந்தப் பக்கம் கணவரை இழந்த தையல்கார அக்காவும் இரண்டு பெண்களும். இரு குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் எங்கோ ஒரு கம்பம், அதாவது குடிசைக் கிராமம், தீப்பற்றி எரிந்ததிலிருந்து, பயந்துபோன வீட்டுக்காரர் மாடியில் ஒரே அடுப்புதான் என்று சொல்லிவிட்டார். அதனால் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். நான் போனபோது பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் அடுப்பு, ஒன்பது பேர், ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன். யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே வீடு என்று தொழிலாளிக்குக் கடிதம் போனபிறகுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. கடைவீட்டை இடிக்கப்போகிறார்கள், அந்தச் சின்ன வீட்டில் ஒன்பது பேரும் தங்க முடியாது, அவருக்குப் போக வேறு இடமில்லை. மறுநாள் காலையில் பச்சை நிறத்தில் புத்தம்புது மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இது என் அடுப்பு. இப்ப நாங்க தனிக் குடும்பந்தானே? எழுதிக்க."

"லிஸ்ட் முடிஞ்சிருச்சுக்கா."

"லிஸ்ட்தானே முடிஞ்சிருச்சு. நாங்க மூணு பேரும் இங்கதான் இருக்கோம் லா."

அவர் சத்தம் போடவில்லை. அடுப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

பலகையில் அந்தத் தெருவுக்கு எதிரே அப்போதுதான் பூஜ்யம் விழுந்திருந்தது. எங்கள் பிரிவில் முதல் பூஜ்யம். அதைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருவதாகப் பேச்சு. எனக்கோ வேலை நிரந்தரமாகும் நேரம். தப்பை ஒப்புக்கொண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், பூஜ்யத்தைப் பார்த்தார்கள், கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மேசைக்கு அடியில் கால் நீட்டும்போதெல்லாம் அடுப்பு இடித்தது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நான்காவது வாரம் மேலாளர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்துபோய்ப் பூஜ்யத்தைக் கையாலேயே அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினார்.

"இதுக்கா மூணு வாரம்?" என்றார். "போய் அந்தத் தெருவையே திரும்ப எடு. அடுப்ப எண்ணாத, ஆளக் கேளு."

திரும்ப எடுத்தேன். ஒன்று, ஐந்தாயிற்று. மேலாளரே சாக்பீசை எடுத்து அதையும் எழுதினார். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் கட்டி முடித்த வீடுகளெல்லாம் வேறு தெருக்காரர்களுக்குப் போய்விட்டன. அடுத்த கட்டடம் எழும்பும்வரை அக்கா தன் பெண்களோடு தெரிந்தவர் ஒருவரின் கடைக்குப் பின்னால் எட்டு மாதம் இருந்தார். தையல் இயந்திரத்தை வைக்க இடமில்லாமல், மழைத் தண்ணீர் படாதபடி சாக்குப் போட்டு மூடி நடைவழியில் வைத்திருந்தார். அதை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியில் புக்கிட் மேராவில் வீடு கிடைத்தது. தொழிலாளி குடும்பம் இருந்த கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். அக்கா குடியேறிய வாரம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவு பூட்டியிருந்தது. அடுத்த கட்டடத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால், தொழிலாளி வீட்டில் அதே ஒன்பது பேர், அதே பாய். அக்கா குழம்பு கிளறிக்கொண்டிருந்தார். நான் அடுப்பை நீட்டினேன்.

"நீயே வெச்சுக்க தங்கச்சி. அது ஒங்க கணக்குக்காக வாங்குனது. எங்களுக்கு இந்த ஒண்ணு போதும். ஒக்காரு, சாப்பிடலாம்."

பத்தாவது ஆளாக நானும் உட்கார்ந்தேன். எட்டு மாதத்தைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

போன மாதம் கணக்கெடுக்க ஓர் இளைஞர் வந்தார். கையில் தட்டைக் கணினி. வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு என்று பொறுமையாகக் கேட்டார். அடுப்பைப் பற்றிக் கேள்வியே இல்லை. அவர் போனபிறகு நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து அடுப்பை இறக்கித் துடைத்தேன். பச்சை வண்ணம் பாதி உரிந்துவிட்டது. திரி இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.