கனகா அக்கா ஓடவிட்டுப் போன நிரல்

அக்கரையில் பம்பூபிளாட்டிலிருந்து கனகா அக்காவின் தம்பி அழைத்தபோது நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே." போனை வைப்பதற்குள் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது: மாயாபந்தர் படகு இன்று தாமதம். அனுப்பியது அக்கா எழுதிய கணினி நிரல். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளே இல்லை, இது மட்டும் என்ன வேலை பார்க்கிறது!

டெலானிபூர் படகு அலுவலகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு அந்த நிரலைத் தெரியும். படகு நேரம் மாறினால் பயணிகளுக்குச் செய்தி அனுப்பும். லினக்ஸ் கணினியில் அதைத் தன் பயனர் கணக்கிலேயே வைத்திருந்தார். அவர் வந்து கணக்கைத் திறந்தால்தான் அது ஓடத் தொடங்கும். மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் திறக்க வேண்டும். "லைட் போனா நான் ஓடணும். என்னா பொழப்பு இது" என்று சிரிப்பார்.

ஒரு மழைநாளில் பம்பூபிளாட்டிலிருந்து அவர் வேலைக்கு வரும் சாத்தம் படகே ஓடவில்லை. இங்கே மின்சாரம் போய் வந்தது. கணினி எழுந்தது, நிரல் எழவில்லை. ரத்தான படகுக்காக மாயாபந்தர் படகுத்துறையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி நனைந்துகொண்டு காத்திருந்தார். செய்தி போயிருந்தால் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பார். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வாதீனம். மறுநாள் அக்கா வந்ததும் நேரே கணினி முன் உட்கார்ந்தார். கணினி எழும்போதே, யாரும் கணக்கைத் திறக்காமலே, நிரல் பின்னணியில் ஓடும்படி மாற்றினார். பிறகு கணினியை அணைத்து மறுபடி இயக்கினார். "ஓடுதுன்னு நம்பாத. அணைச்சுப்போட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காரு. அப்பவும் ஓடுனாத்தான் ஓடுது" என்றார்.

இறந்தவர் கணக்கை நீக்க வேண்டும் என்பது அலுவலக விதி. நிரல் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருந்தது, அது போனால் நிரலும் நின்றுவிடும். காரியம்கூட முடியவில்லை, அதிகாரி வந்து நின்றார்: "அரே பாய், ஜல்தி பண்ணுங்க, ஆடிட் வருது." நிரலைப் பொதுக் கணக்கு ஒன்றுக்கு மாற்றினேன். அக்கா பெயரில் இருந்த கணக்கை அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டு எண்டரை அழுத்த விரல் வரவில்லை. மாயாபந்தரில் யாரோ படகுத்துறைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து அழுத்தினேன்.

கணினியை அணைத்து இயக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு படகு தாமதமானதும் என் போனுக்குச் செய்தி வந்தது. அதில் அக்கா எங்குமே இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் அந்தப் பழக்கம்தான். நீங்கள் வராமலே ஓடுகிறது, அக்கா. எனக்குத்தான் தாங்கவில்லை.