பாம்புக்கு நான் வைத்த சூடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் கடைசியில், தோஹாவில் நடந்தது இது. நஜ்மா என்ற பகுதியில் நாலு பேர் தங்கும் ரூமில் இருந்துகொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பாம்பு என்றால் கம்பைத் தேடுகிற ஆள் நான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தின் உயிரியல் லேபில் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மலைப்பாம்பு இருந்தது. மூன்றரை அடி நீளம். பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்கிற வகை. அதன் நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் பிஸ்கட். டியூப் லைட் மாற்றப் போனால்கூட அதைப் பார்க்காமல் நான் வந்ததில்லை. பயம்தான், ஆனாலும் கண் அங்கேதான் போகும். இமையே இல்லாத அந்தக் கண்ணை மூடாமல் எப்படித் தூங்குகிறது, தண்ணீர் எப்படிக் குடிக்கிறது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்பேன்.

அதை வளர்த்தவர் உயிரியல் டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். விடுமுறை தொடங்கிய அன்று அவருடைய அப்பாவுக்குத் திடீரென்று ஆபரேஷன் என்று செய்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் விடுமுறையிலும் டியூட்டி இருந்தது எனக்கு மட்டும்தான்.

"அண்ணா, ஒரு பத்து நாளைக்கு இவனைப் பாப்பியளோ? சாப்பாடு குடுக்கத் தேவையில்லை, போன கிழமை சாப்பிட்டிட்டான். தண்ணியை மட்டும் மாத்தினால் காணும்" என்றார்.

"சரி டீச்சர், பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். தொட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், பாம்பு தனக்கு வேண்டிய பக்கம் போய்க்கொள்ளும். கடைசி வரியில், எதையும் மாற்ற வேண்டாம், சந்தேகம் வந்தால் மெசேஜ் போடுங்கள் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

சூடான பக்கத்துக் கண்ணாடிக்கு அடியில், காலண்டர் அட்டை மாதிரி ஒரு கறுப்பு ஹீட்டர் பாய் ஒட்டியிருந்தது. அதன் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பிளக்குக்குப் போனது. பெட்டியிலிருந்து மெல்லிய சென்சார் ஒயர் ஒன்று பாய்மேல் ஒட்டியிருந்தது. சூடு முப்பத்திரண்டு டிகிரியைத் தொட்டால் பெட்டி கரண்டை நிறுத்தும், குறைந்தால் மறுபடி கொடுக்கும். ஏசி வேலை பார்க்கிற எனக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் வினை.

மூன்று நாள் ஒன்றும் பிரச்சினை இல்லை. நாலாம் நாள் தோஹாவில் குளிர்காற்று அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால், தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த மீட்டர் சூடான பக்கத்திலேயே இருபத்தேழு காட்டியது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. அடியில் கைவிட்டுப் பாயைத் தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. பாம்பு குளிரில் கிடக்கிறது, இந்தப் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருக்கிற டீச்சரை இதற்காக எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பாயை நேராகப் பிளக்கில் மாட்டினேன்.

மறுநாள் காலையில் மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. சூடான பக்கத்தில் ஒளிந்துகொள்ள வைத்திருந்த மரப்பட்டைக் குகைக்குள் பிஸ்கட் அசையாமல் படுத்திருந்தது. நன்றாகக் குளிர் காய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தொட்டியும் பிளக்கும் தெரிய போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அண்ணா, அந்தச் சென்சார் பெட்டி எங்கை?"

"அது போயிருச்சு டீச்சர். டைரக்டா குடுத்துட்டேன். இப்ப நல்லா சூடு வருது."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்.

"முதல்லை பிளக்கைக் கழட்டுங்கோ. கழட்டிப்போட்டு, அவன் படுத்திருக்கிற இடத்திலை, மரத்தூளுக்குக் கீழை, கண்ணாடியிலை கையை வையுங்கோ."

பிளக்கைப் பிடுங்கினேன். தொட்டியைத் திறந்து, குகைக்குப் பக்கத்தில் மரத்தூளை ஒதுக்கிக் கண்ணாடியில் விரலை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். சுவரில் இருந்த மீட்டர் காற்றின் சூட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பாம்பு படுத்திருந்த இடத்தின் சூட்டை அளக்க அங்கே இருந்த ஒரே பொருளை நான் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தேன்.

"இப்ப நீங்கள்தான் தூக்க வேணும் அண்ணா. தலைப்பக்கம் பிடியாதேங்கோ. நடு உடம்பை ரெண்டு கையாலையும் தாங்குங்கோ. அவன் கடிக்க மாட்டான்."

அதுவரை ஒரு பாம்பையும் நான் தொட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் மாட்டேன் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குகையைத் தூக்கினேன். இரண்டு கையையும் அடியில் கொடுத்து எடுத்தேன். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது பழைய தோல் பெல்ட் மாதிரி உலர்ந்து, கனமாக இருந்தது. என் மணிக்கட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டது. திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வயிற்றில் ஐந்தாறு செதில்கள் சிவந்து, ஓரம் பழுப்பாகியிருந்தன. ஒரு இடத்தில் சின்னக் கொப்புளம்.

சொன்னேன். முதலுதவிப் பெட்டியில் தீக்காய மருந்து இருக்கிறது, போடவா என்று கேட்டேன். எதையும் தடவ வேண்டாம், நேராக டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று லொக்கேஷன் அனுப்பினார். அலமாரியில் இருந்த துணிப்பையில் பாம்பைப் போட்டு, பையின் வாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். டிரைவர் பாகிஸ்தான்காரர். "பாய்சாப், பையில் என்ன?" என்று ஹிந்தியில் கேட்டார். "பிஸ்கட்" என்றேன். பொய் சொல்லவில்லை.

மிருக டாக்டர் எகிப்துக்காரர். காயத்தைக் கழுவி மருந்து போட்டார். மேல்தோலோடு நின்றிருக்கிறது, இன்னொரு நாள் போயிருந்தால் சதைக்குள் இறங்கியிருக்கும் என்றார். சாகாது என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் மனதைக் குடைந்த கேள்வியைக் கேட்டேன். சுட்டால் நகர்ந்து போயிருக்காதா?

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது போல. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். காட்டில் பாம்புக்குச் சூடு பெரும்பாலும் மேலே இருக்கிற சூரியனிடமிருந்து வருகிறது. வயிற்றுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற சூடு எப்போது எரிக்கத் தொடங்குகிறது என்று பல பாம்புகள் உணர்ந்து விலகுவதில்லை. ஏன் என்று தங்களுக்கே முழுசாகத் தெரியாது என்றார். குளிரும் சேர்ந்துவிட்டால், இருக்கிற ஒரே சூட்டின்மேல் அப்படியே கிடக்கும். கவசம் இல்லாத பல்பில் சுற்றிக்கொண்டு வெந்துபோன பாம்புகளும் தன்னிடம் வந்திருக்கின்றன என்றார்.

பிறகு, பாயைத் தொட்டபோது சூடே இல்லையே என்று கேட்டேன். அவர் என் உள்ளங்கையைக் காட்டி, இதுவே ஏறக்குறைய முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று டிகிரியில் இருக்கும், அதே சூட்டில் இருக்கிற பொருள் உனக்கு எப்படிச் சூடாகத் தெரியும் என்றார். பதினாலு வருட எலக்ட்ரீஷியன் வேலையில் நான் நம்பிக்கொண்டிருந்த கை. பெட்டி கெட்டுப்போகவே இல்லை. விளக்கு எரிவதும் அணைவதும்தான் அது வேலை செய்வதற்கு அடையாளம்.

டீச்சர் வரும்வரை, மரத்தூளை எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பர் விரித்து, தினமும் காலையில் நானே தூக்கி மருந்து போட்டேன். பெட்டியைத் திரும்ப மாட்டினேன். குளிர்காற்றுக்கு டாக்டர் சொன்ன வழி ரொம்பச் சுலபம். தொட்டியின் மூன்று பக்கத்தையும் கனமான துணியால் சுற்றிவிட்டு, லேபின் ஏசியை நிறுத்தினேன். மீட்டர் தானாக ஏறியது.

டீச்சர் வந்ததும் பயணப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக லேபுக்குப் போனார். பிஸ்கட்டைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். நான் கதவருகில் நின்றேன்.

"தப்பு என்னோடதுதான் டீச்சர்" என்றேன்.

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம் அண்ணா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் என்னிடம் அவர் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, இனி யாரும் கழற்ற முடியாதபடி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். பெட்டியையும் பிளக்கையும் பூட்டுப் போட்ட டப்பாவுக்குள் வைத்தேன். முதல் பெட்டி என்றாவது பழுதானாலும் முப்பத்தைந்தில் கரண்டை வெட்டுகிற இன்னொன்றை அதற்கு முன்னால் சேர்த்தேன். பாம்பைப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிட்டு, காலித் தொட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, அது படுக்கும் இடத்திலேயே மணிக்கொரு தடவை அளந்தோம். அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டோம். இரண்டு முறை சட்டை உரித்த பிறகு செதில்கள் திரும்ப வந்தன. ஒரு வெளிர் கோடு மட்டும் மிச்சம்.

அந்தத் தை மாதப் பனியில் ஒரு சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. "மாமா வெந்நியில காலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக" என்றாள் மனைவி.

"நீ தண்ணியைத் தொட்டுப் பாத்தியா?"

"அவுகளே ஊத்திக்கிட்டாக. சுடலைன்னுதான் சொன்னாக."

"இப்ப போயி முழங்கையை விட்டுப் பாரு."

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பாதம் செக்கச் செவேலென்று இருக்கிறது, கொப்புளம் இல்லை, பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் என்றாள்.

முனகாமல் அசையாமல் இருக்கிற ஓர் உயிரைப் பார்த்து, சுகமாகத்தான் இருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொள்ளும் துணிச்சல் அந்தக் குளிர்காலத்தோடு என்னைவிட்டுப் போய்விட்டது, அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.