ஜெரினா நீக்கிய இருபத்தெட்டாவது ஆப்

சூரியநாராயண செட்டி தெருவில் ஜெரினாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போன் உடைந்து வருவதில்லை, போன் நிரம்பி வருகிறார்கள். எதையோ தொட்டால் எதுவோ திறக்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போது விளம்பரம் பாடுகிறது, நாலு வைரஸ் இருப்பதாகப் போனே மிரட்டுகிறது. அவர்களை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து காட்டி, ஜெரினா ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இது இல்லாங்காட்டி உனுக்கு இன்னா ஆவும்?"

ஒரே மூச்சில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்த ஆப் போய்விடும். டார்ச் ஆப், பேட்டரியைக் காப்பாற்றும் ஆப், குப்பை கூட்டும் ஆப், பேய் இருக்கிறதா என்று பார்க்கும் ஆப். போனுக்குள்ளேயே டார்ச் இருக்கும்போது இன்னொரு டார்ச்சுக்கு நம் தொடர்பு எண்கள் எல்லாம் எதற்கு என்று அவள் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. திசைகாட்டும் ஆப் வைத்திருப்பவர்களை மட்டும் கொஞ்சம் கேலி செய்வாள். "ராயபுரத்துல கீற. கடல் எந்தப் பக்கம் கீதோ அது கெழக்கு. இதுக்கு ஒரு ஆப்பா?"

அவளுக்கு நாற்பது வயது. கணவர் ஷாகுல் ஹமீது திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். முதலில் ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டிருந்தவள், ஆறு மாதம் வகுப்புக்குப் போய் போன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி என்று தெருவில் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனத்தைவிட அவளிடம் உருப்படியாக இருந்தது அந்தக் கேள்விதான். நல்ல கேள்வி. ஆனால் அதை யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை வரை அவள் அதை யோசித்திருக்கவில்லை.

புதன் காலை பதினொரு மணிக்கு சிலுவையம்மாள் வந்தாள். காசிமேட்டில் பைபர் படகு வைத்திருக்கும் பொன்ராஜின் மனைவி. கையில் இருந்தது பொன்ராஜின் போன். அவன் விடியற்காலை நண்டு வலையைப் போட்டுவிட்டு ஏழு மணிக்குக் கரை சேர்ந்து, தூங்கிக்கொண்டிருந்தான்.

"கடல்ல போன எடுத்தா வெளம்பரம் வந்து குந்திக்குதாம். பாயம்மாகிட்ட குட்த்து கிளீன் பண்ணிகினு வான்னு சொல்ட்டு படுத்துட்டான்," என்றாள்.

ஜெரினா வழக்கம்போல ஆரம்பித்தாள். முதல் வேலையாக, போட்டோ எடுக்கும்போது இடத்தைக் குறித்துக்கொள்ளும் வசதியை அணைத்தாள். "கேமராவுக்கு நீ எங்க கீறன்னு எதுக்குத் தெரியணும்?" என்பது அவளுடைய இன்னொரு வாசகம். பிறகு ஆப்கள். மூன்று டார்ச், இரண்டு குப்பை கூட்டி, ஒரு ஜாதகம், ஒரு பேய். இருபத்தேழு ஆப் போயிற்று. சிலுவையம்மாள் ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே, "தூக்கு, தூக்கு" என்றாள்.

இருபத்தெட்டாவதாக, சிவப்பும் பச்சையுமாக ஒரு திசைகாட்டி. ஜெரினா கேலி செய்ய வாயெடுத்தபோது ஆப் திறந்துகொண்டது. வரைபடம் எதுவும் இல்லை, வெறும் வெள்ளைக் கட்டங்கள். அவற்றின் மேல் புள்ளிகள். ஓரத்தில் ஒரு பட்டியல்: ரேஷன் கடை. பல் டாக்டர். சின்ன டீக்கடை. எல்லாவற்றுக்கும் மேலே, அன்று காலை நாலு நாற்பதுக்குச் சேர்த்ததாக, 'மாயா வூடு'.

சிலுவையம்மாளின் சிரிப்பு நின்றது.

"யாரு மாயா?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"காலைல நாலு நாப்பதுக்கு மாயா வூட்ல இன்னா வேல அவனுக்கு? கடலுக்குப் போறேன்னு தானே போனான்?" அவள் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தாள். "பல் டாக்டராம். அவனுக்குப் பல்லே வலிச்சதில்லக்கா."

ஜெரினாவுக்கு அந்த நிமிடத்தில் கோபம் வந்தது. தனக்காக அல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவளுக்காக. வேறொரு நாளாக இருந்தால் விரலை நிறுத்தி, போனுக்குச் சொந்தக்காரனைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் அந்தப் புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். அது தெருவில் இல்லை என்று ஒரு தொடுதலில் தெரிந்திருக்கும்.

"தூக்குக்கா," என்றாள் சிலுவையம்மாள்.

சேமித்த விவரங்களும் சேர்ந்து அழியும், சரியா என்று போன் கேட்டது. எல்லா ஆப்புக்கும் அது அப்படித்தான் கேட்கும். ஜெரினா 'சரி'யை அழுத்தினாள். அவள் அதை ஒரு உதவியாக நினைத்துத்தான் செய்தாள்.

சிலுவையம்மாள் அதற்குமேல் உட்காரவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு போனாள். கடைசியில் மங்கலான போட்டோக்களையும் பொறுக்கி அழிப்பது ஜெரினாவின் வழக்கம். அன்று அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மூன்றேகால் மணிக்கு பொன்ராஜ் ஓடிவந்தான். பின்னால் அவன் மைத்துனன் ஜெஸ்வின், சிலுவையம்மாளின் தம்பி. இரண்டு பேரும்தான் படகில் போகிறவர்கள்.

"பாயம்மா! திசைகாட்டி ஆப்பு எங்க?"

"அத்த எடுத்துட்டேன். உன் சம்சாரந்தான்..."

பொன்ராஜ் பலகையில் கையை ஊன்றிக்கொண்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குரல் இறங்கித்தான் வந்தது.

"வலை அதுல கீது பாயம்மா."

அவளுக்குப் புரியவில்லை. ஜெஸ்வின்தான் சொன்னான். விடியற்காலை எண்ணூருக்கு நேரே, பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே வலையை இறக்கியிருக்கிறார்கள். கல் கட்டிய வலை, கடலடித் தரையில் கிடக்கும். மேலே அடையாளத்துக்குக் கொடி கட்டினால் ஊருக்கே தெரியும், வேறு யாராவது தூக்கிவிடுவார்கள். அதனால் இவர்கள் கட்டுவது ஒரு சின்னக் கறுப்புக் கேன். போட்ட இடத்தை ஆப்பில் புள்ளி வைத்துக்கொள்வார்கள். அந்தப் புள்ளி இல்லாமல் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கறுப்புக் கேனைத் தேட முடியாது.

"நாளைக்குப் போய் நிதானமாத் தேடக் கூடாதா?"

"நாளைக்கா? ராத்திரிலேர்ந்து காத்து ஏறும், யாரும் போவாதீங்கன்னு மைக்ல சொல்லிகினு கீறாங்க. அந்த அலைல வலை சுருட்டிக்கும், கல்லோட போயிடும். இருட்டறதுக்குள்ள தூக்கியாவணும். நாலு மணிக்குள்ள கெளம்பலன்னா அவ்ளோதான்." ஜெஸ்வின் கடைச் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது.

அப்போது சிலுவையம்மாள் வந்து சேர்ந்தாள். புருஷன் போனைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுகிறான் என்று பார்க்க வந்தவள்.

"மொதல்ல மாயா யாருன்னு சொல்லு. அப்பறம் வலையத் தேடு."

"மாயாதாண்டி வலை!" என்றான் பொன்ராஜ்.

"யார்கிட்ட டபாய்க்கிற?"

"யக்கா, மாயான்னு ஒருத்தியுங் கெடையாது," ஜெஸ்வின் குறுக்கே வந்தான். "எல்லாம் பொய்ப் பேரு. வேற போட்டுக்காரன் போன எட்டிப் பாத்தா தெரியக் கூடாதுன்னு. நண்டுன்னு பேர் வச்சா அடுத்த நாளே பத்து போட்டு அங்க நிக்கும். எல்லாப் போட்லயும் இப்படித்தான் வைக்கிறாங்க."

"ஊருக்குத் தெரியாம வச்ச, சரி. எனுக்குத் தெரியாம எதுக்கு வச்ச?"

மற்ற படகுகளிடமிருந்து மறைப்பதற்குச் சந்தேகமே வராத பெயர்களாகத் தேடித் தேடி வைத்த பொன்ராஜ், வீட்டில் ஒருத்தி படிப்பாள் என்பதை நினைக்கவே இல்லை.

ஜெரினா அதற்குள் போனை வாங்கி அதே ஆப்பை மறுபடி இறக்கினாள். திறந்தது. முதலில் ஒரு விளம்பரம், பிறகு வெள்ளைக் கட்டங்கள். புள்ளி ஒன்றுகூட இல்லை. பட்டியல் இருந்த இடத்தில் 'எதுவும் சேமிக்கப்படவில்லை' என்றிருந்தது.

"எத்தினி புள்ளி இருந்துச்சு?" என்று கேட்டாள் ஜெரினா.

"நாப்பத்தொண்ணு. எட்டு வருசம்."

அவள் போனுக்குள் தேடினாள். ஆப் விட்டுப்போன கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. வேலையை அவள் எப்போதும் சுத்தமாகத்தான் செய்வாள். மூன்று முப்பத்தொன்று.

"எவனாவது அந்தப் பக்கம் வலை போட்டிருந்தா கேக்கலாமே?" என்றாள்.

"கேட்டா சொல்லுவானா? நானே சொல்ல மாட்டேன்."

ஜெஸ்வின் தெருவுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தான். "மாமா, சும்மா போலாம் வா. அந்தப் பக்கமாச் சுத்திப் பாப்போம்."

"காத்து ஏறுற நேரத்துல சுத்திகினு இருந்தா வலையும் வராது, நாமளும் வர மாட்டோம்." பொன்ராஜ் நகரவில்லை.

ஜெரினாவின் விரல் எதேச்சையாகப் போட்டோக்களில் பட்டது. மேலே மூன்று படங்கள், அன்று விடியற்காலை எடுத்தவை. ஒன்றில் ஜெஸ்வினின் பல் மட்டும் தெரிந்தது. ஒன்று முழுக் கறுப்பு. ஒன்றில் யாருடைய கட்டைவிரலோ.

"இதெல்லாம் யாரு எடுத்தது?"

"நாந்தான். என் போன் போன வாரம் தண்ணில உழுந்துடுச்சி. மாமா போன்ல எடுத்தேன்." ஜெஸ்வின் வெட்கப்பட்டான். "சும்மா ஸ்டேட்டஸ் வைக்க."

அவள் கறுப்புப் படத்தின் விவரத்தைத் திறந்தாள். நேரம்: நாலு முப்பத்தெட்டு. கீழே இரண்டு எண்கள். அட்ச ரேகை, தீர்க்க ரேகை. பதினொரு மணிக்கு அவள் அணைத்துவைத்த வசதி, அதற்கு முன்னால் எடுத்த படங்களில் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. காலையில் சிலுவையம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போகாமல் இருந்தால், இந்தக் கறுப்புப் படத்தை ஜெரினாவே குப்பை என்று அழித்திருப்பாள்.

"இத்த எடுத்தப்ப எங்க இருந்தீங்க? சரியா சொல்லு. வலை போடறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

ஜெஸ்வின் கண்ணை மூடிக்கொண்டான். "பல்லு தெரியிறது போற வழில எடுத்தது. இது... மாமா மொதக் கல்ல எறக்கினாரு. நான் அத்த எடுக்கப் பாத்தேன், பிளாஷ் வரல."

"நல்லா யோசி."

"மொதக் கல்லுதான் பாயம்மா. தண்ணி மேல தெறிச்சுது. அப்பத்தான் வெரல் பட்டு அடுத்தது எடுத்துகிச்சு."

ஜெரினா டெம்பர் கிளாஸ் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் எண்களைப் பெரிதாக எழுதினாள். எழுதியதைப் படத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டாள். ஆப்பிலும் அதையே அடித்துப் புள்ளி வைத்தாள். பெயர் கேட்டது. அவள் பொன்ராஜைப் பார்த்தாள். அவன் சிலுவையம்மாளைப் பார்த்தான்.

"வலைன்னே போடு," என்றாள் சிலுவையம்மாள்.

சார்ஜ் முப்பத்தாறு சதவீதம் இருந்தது. ஜெரினா தன் பவர் பேங்கைக் கொடுத்தாள். மூன்று ஐம்பதுக்கு அவர்கள் இருவரும் பைக்கில் துறைமுகத்தைப் பார்த்துப் போனார்கள்.

சிலுவையம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாலு மணிக்குமேல் வந்தவர்களிடம் ஜெரினா, ஆப் வேலை இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு டிஸ்ப்ளே மாற்றும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது, இரண்டு முறை. ஐந்தரைக்குக் காற்று வந்தது. கடை முன்னால் தொங்கிய கவர்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

"அவன் மேல சந்தேகப்பட்டேன். அதுக்கு எனுக்கு வெக்கமில்ல," என்றாள் சிலுவையம்மாள், கேட்காமலே. "கேட்டிருக்கணும். அதான்."

"நானும் கேட்டிருக்கணும்."

"நீ என் பேச்சக் கேட்டுத்தானே பண்ண?"

"உன் போனா அது?"

ஆறு மணிக்கு இருவரும் பொன்ராஜை அழைத்தார்கள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆறேகாலுக்கும் அதுதான். ஆறரைக்கு, துறைமுகத்திலிருந்து வந்த ஒருவர் டவர் இல்லாத இடத்துக்கெல்லாம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, தானே கடல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு ஜெரினாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே பொன்ராஜ் கத்தினான்.

"கேனு நேரா எதிர்ல நின்னுச்சு! வலை ஏறிடுச்சு. கடைசித் துண்டு பாறைல மாட்டிகிச்சு, அறுத்து விட்டுட்டோம். எண்ணூர் தாண்டிட்டோம்."

சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து கேட்டாள்: "அப்ப பல் டாக்டர் யாரு?"

"அடியே, அது கொடுவா மீனு கெடைக்கிற..."

ஜெரினா சட்டென்று ஸ்பீக்கரை அணைத்தாள். கடை வாசலில் ரீசார்ஜுக்காக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேருமே படகுக்காரர்கள்.

மற்ற புள்ளிகளைத் தேட அவள் அந்த வாரம் முழுவதும் முயன்றாள். பழைய போட்டோக்களிலிருந்து மூன்று கிடைத்தன. முப்பத்தேழு கிடைக்கவில்லை. அதற்கு அவள் சமாதானம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அவனே வந்தான். வலையைக் காப்பாற்றிய அந்த ஆப்பில் மறுபடி விளம்பரம் பாடத் தொடங்கியிருந்தது. கூடவே எங்கிருந்தோ புதிதாக ஒரு டார்ச்சும் ஒரு குப்பை கூட்டியும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. போனை அவள் கையில் தரவில்லை. தன் கையிலேயே பிடித்தபடி பலகைக்கு மேல் நீட்டினான். அவளும் வாங்கக் கை நீட்டவில்லை. எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இது இல்லாங்காட்டி உனுக்கு இன்னா ஆவும்?"

டார்ச்சுக்கு அவன் யோசித்தான். "ஒண்ணும் ஆவாது."

முன்பானால் அந்தப் பதில் முடியும் முன்பே அவள் விரல் போயிருக்கும். இப்போது அவள் கையைப் பலகைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

"அப்ப நீயே அமுக்கு," என்றாள். "கீழ இன்னா எழுதிகீதுன்னு படிச்சிட்டு அமுக்கு."

அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். மூன்று பேர் பின்னால் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படுத்தவில்லை.