டேஷ்போர்டிலிருந்து இறங்கிய முருகன்

முருகனடியார்களே, அந்த வேலின் முனை என் மகள் தர்ஷினியின் முகத்துக்கு நேராக இருந்தது. அதை எடுக்கச் சொன்னதற்காக என் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாங்கள் குண்டசாலையில் இருக்கிறோம். கணவருக்குக் கண்டியில் கடை. சின்ன ஜீப் வாங்கப் போனபோது அவர் கூரைக் கண்ணாடியையும் பெரிய திரையையும் பார்த்தார். எத்தனை எயார்பேக், மோதினால் கதவு தாங்குமா, தானாக பிரேக் பிடிக்குமா என்று நான் கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுதான் அக்கா," என்று விற்பவர் சிரித்தார்.

பொய். காட்டிய இரண்டு வண்டிகளில் ஒன்றில் முன்னால் மட்டும் எயார்பேக். மற்றதில் பக்கங்களிலும் இருந்தது, பிரேக்கும் தானாகப் பிடிக்கும். சண்டை போட்டு இரண்டாவதை வாங்க வைத்தேன்.

வாகனப் பூசையன்று கணவர், வேலோடு நிற்கும் பித்தளை முருகனை இடப்பக்க டேஷ்போர்டில் பசை போட்டு ஒட்டினார். அந்த இடம்தான் எயார்பேக்கின் மூடி. மோதினால் வெடித்துத் திறக்கும். அப்போது வேல் எங்கே போகும்? தினமும் அப்பாவோடு முன் சீட்டில் வகுப்புக்குப் போகிறவள் என் மகள்.

"சாமிய எடுத்துட்டு காத்துப்பைய நம்புறியா நீ?" என்றார் மாமியார்.

"சாமி மேல நம்பிக்கை இருக்கு அத்தை. உங்க மகன் போட்ட பசை மேலதான் இல்ல."

"பூசை பண்ணினத புடுங்கினா தோஷம். பேசாம இரு," என்றார் கணவர்.

பிடுங்க எனக்கும் கை வரவில்லை. சாமியறையில் நின்று சத்தமாகவே கேட்டேன். "முருகா, நீ நிக்கிற இடம் சரியில்ல. நீயே இறங்கு. என் புள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா உனக்கு விளக்கு வைக்க மாட்டேன்." அழுதேன். வேறு வழி தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, வெயிலில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் பசை இளகிவிட்டது. முருகன் சீட்டில் சாய்ந்து கிடந்தார்.

"அவரே இறங்கிட்டாரு. இனி ஏத்தாதீங்க," என்றேன். நான் சிலையைச் சாமியறைக்குக் கொண்டுவந்தேன்.

சில நாட்களில், அப்பாவும் மகளும் போகும்போது அம்பிட்டிய வளைவொன்றில் ஒரு லொறி பஸ்ஸை முந்திக்கொண்டு எதிரே வந்தது. எங்கள் வண்டி தானாகப் பிரேக் பிடித்தும் மோதியது. எயார்பேக் விரிந்தது. மகளுக்குக் கன்னத்தில் சிராய்ப்பு, தோளில் பெல்ட் பட்ட காயம். அவ்வளவுதான். கராஜில், வேல் நின்ற இடத்தில் கிழிந்து திறந்திருந்த மூடியைக் கணவர் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது வண்டியில் விபூதிப் பொட்டு மட்டும். மாமியார் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுவிட்டுத்தான் கும்பிடுகிறார்.

முருகன் எனக்குச் செவி கொடுத்தார். உங்களுக்கும் கொடுப்பார். அழகாகக் கேட்க வராவிட்டால் கோபமாகவே கேளுங்கள். ஆனால் வண்டியில் சாமியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.