அவள் பொய் சொல்லும்போது

அந்தச் சீட்டாட்ட நிகழ்ச்சிக்கு என்னைக் கூட்டிப்போனது அவள்தான். நானாகப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இது எனக்குச் சாதகமான விஷயம் இல்லை.

கலிபோர்னியாவில், சான்டா கிளாராவில் ஒரே அபார்ட்மென்டில் ஆறு வருடம் இருந்தோம். அவள் வீடு மாடியில், என் வீடு நேர் கீழே. அவள் கோயம்புத்தூர்க்காரி, நான் சென்னை. பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடம். ஒரு வீட்டில் உப்பு தீர்ந்தால் இன்னொரு வீட்டில் கதவைத் தட்டுவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் அக்கா தங்கை. எனக்கு மட்டும் தெரிந்த ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேனேஜர் ஆனாள், நான் ஆகவில்லை. அவள் மகள் கணக்கில் முதல், என் மகன் வெறும் பாஸ். என் கணவர் எதற்கெடுத்தாலும் "மாடி வீட்டைப் பாரு" என்பார்.

அந்த வருடம் ஜனவரியில் அவளுக்கு வேலை போயிற்று.

எனக்கு அது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு காலை குப்பை போடக் கீழே வந்தேன். பார்க்கிங்கில் அவள் கார் நின்றிருந்தது. உள்ளே அவள், ஆபீஸ் சட்டை, தோளில் லேப்டாப் பை. போனை முன்னால் சாய்த்து வைத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை முடித்துக் கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மாகிட்ட பேசிட்டிருந்தேன். ஆபீஸ் போற வழில இருக்கேன்னு சொல்லிட்டு."

"போகலையா?"

"எங்க போறது? லேஆஃப் ஆகி மூணு வாரம் ஆச்சு. அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு ஆறு மாசம்கூட ஆகலை. இப்போ போய் எப்படிச் சொல்றது? வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதே, ப்ளீஸ்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். வீட்டுக்குள் வந்து காபி போட்டேன். அன்றைக்குக் காபி நன்றாக இருந்தது.

சீட்டில் அவள் கெட்டிக்காரி. தீபாவளி சமயத்தில் எல்லோரும் சேர்ந்து ஆடினால் ஆண்களையெல்லாம் வெறுங்கையோடு எழுப்பிவிடுவாள். வீட்டில் சும்மா இருந்த நாட்களில் ஏதோ வேகத்தில் அந்தப் போக்கர் நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டாள், கூப்பிட்டுவிட்டார்கள். ஆட வருகிறவர் நெருங்கிய ஒருவரைக் கூட்டிவர வேண்டும் என்று விதி. அவள் கணவர் வெளியூரில் இருந்தார். என்னைக் கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை என் காரில் கிளம்பினோம். லிவர்மோர் மலையைத் தாண்டி ஒரு பழைய கிடங்கை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். வழியெல்லாம் அவள் சந்தோஷமாக இருந்தாள். "ஜெயிச்சா உனக்கு என்ன வேணும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே போனதும் அவளை மேக்கப்புக்குக் கூட்டிப்போனார்கள். என்னை ஒரு பெண் சின்ன அறைக்கு அழைத்துப்போய்க் கேமரா முன்னால் உட்காரவைத்தாள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பொதுவாக நாலு கேள்விதான், சும்மா சிரிப்பதற்கு என்றாள். எத்தனை வருடப் பழக்கம், நன்றாகச் சமைப்பாளா, இப்படி. பிறகு கேட்டாள்: உங்கள் தோழி பொய் சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்களா?

கண்டுபிடிப்பேன் என்றேன். குரல் தேனாகிவிடும், இடது கை காதுத் தோட்டுக்குப் போய்விடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் ஒரு உதாரணம் சொல்லுங்களேன் என்றாள். நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் உண்மை, வாய் தவறி வரவில்லை. கார் கதையைச் சொன்னேன். வேலை போனதை, நிற்கிற காரை, அம்மாவிடம் பேசுவதை எல்லாம். அவளைப் போலவே குரலை இழுத்து, "டிராஃபிக் ஜாஸ்திமா, அப்புறம் கூப்பிடறேன்" என்று காதைத் தொட்டு நடித்தும் காட்டினேன். அதற்கு இங்கிலீஷில் அர்த்தமும் சொன்னேன். கேமராக்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். என் பேச்சுக்கு யாரும் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

நிகழ்ச்சியின் விதி எளிது. மேடையில் ஒரே ஒரு ஆட்டக்காரர். அவரை எதிர்த்து ஆடுவது பார்வையாளர்கள், ஏறக்குறைய இருநூறு பேர், எல்லோரும் சேர்ந்து ஒரே கை. எங்கள் சீட்டு அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் சீட்டு எங்களுக்குத் தெரியாது. அவள் துணிந்து பந்தயச் சில்லுகளை முன்னால் தள்ளினால், அவளிடம் நிஜமாகவே நல்ல சீட்டு இருக்கிறதா, சும்மா மிரட்டுகிறாளா என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சின்ன கருவி கொடுத்திருந்தார்கள். பச்சைப் பொத்தான் என்றால் மோதுகிறோம், சிவப்பு என்றால் விலகுகிறோம், பந்தயம் அவளுக்கு. எது அதிகமோ அதுதான் எங்கள் முடிவு. நாங்கள் ஜெயித்தால் ஒவ்வொருவருக்கும் நிகழ்ச்சியின் படம் போட்ட ஒரு போர்வை.

முதல் இரண்டு சுற்றும் அவள் எங்களை விரட்டிவிட்டாள். இரண்டாவது முறை நாங்கள் விலகிய பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒன்றுக்கும் உதவாத சீட்டு. கூட்டம் ஊளையிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி, பார்க்க நல்லவராகத்தான் இருந்தார், "அவளைப் பிடிக்கணும்" என்று பல்லைக் கடித்தார்.

அப்போது நிகழ்ச்சி நடத்துபவர் கையை உயர்த்தி, இவருடைய உயிர்த்தோழி நமக்கு உதவ வந்திருக்கிறார் என்றார். அந்தச் சின்ன அறையில் எடுத்த படம் ஓடியது, திரையில் என் முகம் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். குரல் தேனாகும் என்று நான் சொன்னபோது அவளும் சிரித்தாள். தோட்டைச் சொன்னபோது சட்டென்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. பிறகு கார் வந்தது. நான் அவள் குரலில், அவள் அம்மாவிடம் பேசினேன். இருநூறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடத்துபவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு மாதம் சொந்த அம்மாவையே ஏமாற்றியவருக்கு நாமெல்லாம் எம்மாத்திரம்? உங்கள் அம்மா இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பாரா?" என்று கேட்டார்.

"இனிமே பார்ப்பாங்க" என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். அதற்கும் சிரிப்பு. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் மட்டும் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்று. எங்கள் கையில் இருந்தது ஒரு ஜோடி நாலு, அவ்வளவுதான். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். "கையைக் காட்டு, கையைக் காட்டு" என்று கூட்டம் கத்தியது. அவள் கையை எடுத்தாள், மிச்சமிருந்த சில்லுகளை மொத்தமாக முன்னால் தள்ளினாள், மறுபடியும் அடியில் வைத்துக்கொண்டாள். பேசவில்லை. நாங்கள் விலகினால் அவள் ஜெயித்துவிடுவாள்.

யாருக்கும் புரியவில்லை. கேமரா என் பக்கம் திரும்பியது. முன் வரிசை, பின் வரிசை எல்லாம் என்னைப் பார்த்தது. பக்கத்துப் பெண்மணி என் முழங்கையைத் தொட்டு, "நீ சொல்லும்மா, உனக்குத்தானே தெரியும்" என்கிற மாதிரிக் கேட்டார்.

அவள் என்னையே பார்த்தாள். ஆறு வருடத்தில் அவள் என்னிடம் உப்பையும், யாரிடமும் சொல்லாதே என்பதையும் தவிர பெரிதாக எதையும் கேட்டதில்லை. அப்போது கேட்டாள், கண்ணால். எனக்கு அது தெளிவாகவே புரிந்தது. கையில் நல்ல சீட்டு இருப்பவள் அப்படிக் கேட்க மாட்டாள்.

"பொய்" என்று சொல்லிவிட்டுப் பச்சையை அமுக்கினேன்.

அரங்கம் முழுக்கப் பச்சை. அவள் சீட்டைத் திருப்பினாள், ஒன்றும் இல்லை. யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

திரும்பி வருவதற்கும் என் கார்தான், அவளுக்கு வேறு வழியில்லை. தோற்றவளுக்கும் ஒரு போர்வை கொடுத்திருந்தார்கள். மடியில் வைத்திருந்தாள். மலை ஏறும் இடத்தில் ஃப்ரீவே அடைத்துக்கொண்டு நின்றது. வெயில் இன்னும் இறங்கவில்லை.

"அவங்க அதையெல்லாம் போட மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"ம்."

"நிஜமா சாரி."

"ரோட்டைப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே விடிந்துகொண்டிருக்கும் நேரம். ஸ்பீக்கரில் போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள் என்று நினைக்கிறேன்.

"என்ன கண்ணு, இந்நேரத்துல?"

"அம்மா, எனக்கு வேலை போயி நாலு மாசமாச்சு."

"தெனமும் கார்ல இருந்து பேசுனியே கண்ணு, ஆபீஸ் போறேன்னு?"

"போகல. வீட்டு வாசல்ல காரை நிறுத்திட்டுப் பேசுனேன்."

"எதுக்கு இப்பச் சொல்ற?"

"வீடியோவுல வரப் போகுது. எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்கு முன்னால நானே சொல்லணும்னுதான்."

"அய்யோ, அப்பா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரே." அம்மா அழுவது கேட்டது, இவளும் அழுதாள். "அழுதுட்டே வண்டி ஓட்டாத சாமி. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா. தனியாத்தான் இருக்கேன்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அந்தக் காரில் நான் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. இறங்கும்போது போர்வையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ், டிரைவ் பண்ணதுக்கு" என்றாள்.

மூன்று வாரத்தில் அந்தப் பகுதி வெளியானது. அவள் ஆட்டத்தைக் குறைத்து என்னைத்தான் அதிகம் காட்டியிருந்தார்கள். என் மகன் இரண்டு முறை பார்த்துவிட்டு, "யூ வேர் சேவேஜ், அம்மா" என்றான். இரக்கமே இல்லை என்று அர்த்தம், பாராட்டாகத்தான் சொன்னான். ஆபீஸில் முன்பின் பேசாதவர்கள்கூட லஞ்ச் நேரத்தில் என் மேஜைக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் யாரோ உறவினர் அதை அவள் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார் என்று எதிர்வீட்டுப் பெண் எனக்குச் சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறையில் அவர்கள் டெக்ஸஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு எல்லோரும் சேர்ந்து சாப்பாடு ஏற்பாடு செய்தோம். நான் புளியோதரை கொண்டுபோனேன். எல்லோருக்கும் போலவே எனக்கும் தட்டு எடுத்துக் கொடுத்தாள். என் புளியோதரையையும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, அதை முழுக்கச் சாப்பிட்டாள். சண்டை போடுவாள் என்று ஒவ்வொரு நிமிடமும் எதிர்பார்த்தேன். வேண்டும் என்றுகூட இருந்தது. அவள் எனக்கு அதைத் தரவில்லை.

இலையுதிர்காலத்தில் நிகழ்ச்சிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மக்களுக்கு உங்களைப் பிடித்துவிட்டது, ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மறுபடி வருவீர்களா என்றார்கள். எந்தத் தேதி என்று கேட்டேன்.

புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். முதல் வரிசையில் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர். கையைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று சுற்றிலும் தப்பாகச் சொன்னேன். கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது. அப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை.