கத்திக்கு இருபது டிகிரி

கத்தி தீட்டுவதற்கு ஒரு பெட்டி நிறையச் சாமான் வேண்டும் என்று நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காலை ரயிலில் எனக்கு எதிரே உட்காரும் பையன் பெங்களூர் வருகிறவரை கைபேசியில் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறான். யாரோ ஒரு கத்தியைப் பிடியில் இறுக்குகிறார்கள், கம்பியில் மாட்டிய கல்லை மேலும் கீழும் இழுக்கிறார்கள், கோணத்தை அளக்கிறார்கள், கடைசியில் ஒரு தக்காளியைச் சீவிக் காட்டுகிறார்கள். நானும் பார்க்கட்டும் என்று திரையை என் பக்கம் திருப்புவான். நான் கண்ணை மூடிக்கொள்வேன். தூக்கம் என்று நினைத்துக்கொள்வான். தூக்கமும்தான். ஆனால் அந்தச் சாமானை எனக்கு ஏற்கெனவே தெரியும். பத்து வயதில் அதை வைத்து நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

அதை, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசை வரிசையாக லைன் வீடுகள் கட்டியிருந்த ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ஆன்லைனில் வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்புகிற பொருள்களை அடுக்கிவைக்கும் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. அப்படித் திரும்பி வந்ததில் சிலது அவருக்கு மலிவாகக் கிடைக்கும். ஒருமுறை மூடி இல்லாத மிக்ஸி, இன்னொரு முறை ஒரு பக்கம் மட்டும் பாடுகிற ஸ்பீக்கர். எது வந்தாலும் அடுத்த ஒரு மாதத்துக்கு மாமா அந்தத் துறையில் நிபுணர். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் லைனில் ஆண்களுக்குச் செய்கிற வேலை குறைந்து, சொல்கிற விஷயம் கூடிவிட்டது. மாமா அவர்களில் ஒருவர். அப்பா இன்னொருவர். அப்பா கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியது நான்கே வருஷம். மிச்ச நாளெல்லாம் அந்த நான்கு வருஷத்தைப் பற்றிப் பேசியே கழித்தார்.

அந்த வாரம் அம்மாவுக்கு ஒரு ட்ரையல் இருந்தது. எங்களுக்குப் பின் லைனில் இருந்த ஆன்ட்டி பெங்களூரில் ஒரு பெரிய கேன்டீன் சமையல்கூடத்தில் காய் நறுக்குகிறவர். அங்கே ஓர் ஆள் குறைந்திருந்தது. திங்கட்கிழமை போய் ஒரு மூட்டை வெங்காயத்தை அவர்கள் சொல்கிற நேரத்துக்குள் நறுக்கிக் காட்ட வேண்டும். முடித்தால் வேலை. முடிக்காவிட்டால் அடுத்த ரயிலில் வீடு. "கத்தி மட்டும் உன்னுத எட்த்துகினு வந்துடு. அங்க கீறதெல்லாம் ஆளாளுக்குப் பிடிச்சி வச்சிகினு குடுக்க மாட்டாளுங்க" என்று ஆன்ட்டி சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் இருந்தது ஒரே கத்தி. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் சொரசொரப்பாக இருக்கும் வட்டத்தில் நாலு இழுப்பு இழுப்பாள். அவ்வளவுதான் அவள் தீட்டுகிற விதம். மூன்று பேருக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் சமைக்க அது போதுமாக இருந்தது. ஒரு மூட்டை வெங்காயத்துக்குப் போதாது என்று மாமா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தன் பெட்டியோடு வந்துவிடுவதாகவும் சொன்னார்.

எனக்கு அம்மா போகக்கூடாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆன்ட்டி வேலைக்குப் போன வருஷம் அவருடைய மகள் ஆறாவதோடு நின்றாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கும்போதெல்லாம் அவள் குழாயடியில் இருந்தாள், இல்லாவிட்டால் இடுப்பில் ஒரு பிள்ளையோடு இருந்தாள். எங்கள் வீட்டிலும் இடுப்பில் வைக்க ஒரு தம்பி இருந்தான். கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. அப்பா வீட்டில்தானே இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்ளட்டுமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மாமா துணி துவைக்கிற கல்லின் மேல் கடையை விரித்தார். ஒரு இரும்புச் சட்டம், கத்தியைக் கவ்வுகிற பிடி, நீளமான ஒரு கம்பி, அதில் மாட்ட நாலு நிறத்தில் நாலு கல். கம்பியை ஏற்றி இறக்கப் பின்னால் ஒரு திருகு. எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதன் அடியில் காந்தம். கம்பியின் மேல் ஒட்டவைத்தால் கம்பி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும்.

"இருவது" என்றார் மாமா. "சமையல் கத்தின்னா இருவது. இதுக்குக் கீழ எறங்குனா கத்தி கெட்டுடும். மேல போனா கோடாலி."

"யாரு சொன்னது?" என்று அப்பா வாசலில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இன்னா மாமா, புக்குலயே போட்டுக்கீது."

"சீனாக்காரன் புக்குல."

"சீனாக்காரன் வெங்காயம் திங்கறது இல்லியா?"

மாமா திருகைத் திருப்பித் திருப்பி எண்ணை இருபதில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது அவருக்கு ஃபோன் வந்தது. எங்கள் வீட்டில் சிக்னல் எடுக்காது. பேசுவதற்கு லைன் கோடிக்குப் போக வேண்டும். போனார். அப்பா பல் குத்தக் குச்சி தேடி உள்ளே போனார். கல்லின் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

இருபதுக்குக் கீழே இறங்கினால் கத்தி கெட்டுவிடும். அவர்தான் சொன்னார். நான் திருகைப் பிடித்துத் திருப்பினேன். பதினெட்டு, பதினாறு. பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினேன். கறுப்புப் பெட்டியைக் கம்பியிலிருந்து பிய்த்து அதன் உறைக்குள் வைத்து மூடினேன்.

மாமா திரும்பி வந்து பார்த்தார். "எட்த்து வச்சிட்டியா? நல்ல பொண்ணு. பேட்டரி மிச்சம்" என்றார். மறுபடி அளக்கவில்லை. ஒருமுறை அளந்த மனிதர், அவருக்கு எதற்கு இன்னொரு முறை?

கத்தியின் விளிம்பு முழுக்க மார்க்கரால் கறுப்புப் பூசினார். கல் சரியாகப் பட்டால் கறுப்பு அழிய வேண்டும். இழுத்தார். விளிம்புக்குச் சற்று மேலே மட்டும் அழிந்தது. விளிம்பில் கறுப்பு அப்படியே இருந்தது. நூறு இழுப்பு, இருநூறு இழுப்பு. அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்ற வந்தவள் ஒரு நிமிஷம் நின்று அந்தக் கறுப்பைப் பார்த்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

"இரும்பு சரியில்லக்கா. கல்லு கடிக்கவே மாட்டன்றது" என்று மாமா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கடிக்கும், இழு" என்றாள் அம்மா.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "இன்னா மச்சான், இந்நேரத்துக்கு நாங்க ஒரு ஷிப்டு முடிச்சி கேஜுல மேல வந்துருப்போம். நீ இன்னும் வெங்காயக் கத்தியிலயே கீற."

"இது அவசரப்பட்டு செய்ற வேல இல்ல மாமா."

"ஆமா, அதான் தெரியுதே."

கோழி வெந்து இறக்கின பிறகுதான் விளிம்பில் கறுப்பு போனது. அப்புறம் வேறு நிறத்துக் கல், அப்புறம் இன்னொன்று. முடித்ததும் மாமா ஒரு பழைய செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அதில் கத்தியை இறக்கினார். சத்தமே வரவில்லை. வெட்டவில்லை என்று நினைத்து எனக்கு மனம் குளிர்ந்தது. பிறகு பாதித் தாள் கழன்று மாமாவின் காலடியில் விழுந்தது.

அப்போதும் நான் நம்பிக்கையை விடவில்லை. கெட்டுவிடும் என்றுதானே சொன்னார், உடனே கெடும் என்று சொல்லவில்லையே, நாளைக்குக் கெடலாம். சாப்பிட உட்கார்ந்தபோது நாளைய காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அப்பா ஜெபம் பண்ணினார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தம்பியைப் பார்க்க ஆள் வேண்டுமே. அவன் இரண்டு முறை என் மேலேயே ஒன்றுக்குப் போனான். அப்பா கடைத்தெருப் பக்கம் போயிருந்தார். சாயங்காலம் ரயில் சத்தம் கேட்டதிலிருந்து நான் வாசலிலேயே நின்றேன். முதலில் ஆன்ட்டியின் குரல்தான் வந்தது.

"ஏ பொண்ணு, உங்கம்மா கையா அது, மிஷினா? மூட்ட முடிஞ்சி அரை மணி நேரம் கையக் கட்டிகினு நின்னுகினு இருந்தா. சூப்பர்வைசர் வந்து கத்திய வாங்கி வாங்கிப் பாக்கறான். எங்க வாங்கனதுன்னு கேக்கறான். பொதன்கிழமலருந்து வரச் சொல்ட்டான்."

நான் அழுதேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே, நிறுத்த முடியாமல் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறது பிள்ளை என்று ஆன்ட்டி சொன்னார். லைன் முழுக்க அதையே சொன்னார்கள். அம்மா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். அவள் கையெல்லாம் வெங்காய வாடை. மாமா அன்றைக்கே வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்து, "இருவது டிகிரி. நான் சொல்லல?" என்றார். அப்புறம் வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதைச் சொன்னார். அக்கா குடும்பத்தை நிமிர்த்தியது தன் இருபது டிகிரிதான் என்று தன் கல்யாணத்தில்கூடச் சொன்னார்.

மெல்லிய விளிம்புதான் நன்றாக வெட்டும் என்பது எனக்குத் தெரியாமல் போனது. மதிப்பெண் மாதிரி, எண் குறைந்தால் மட்டம் என்று இருந்தேன். மாமா சொன்னதும் முழுப்பொய் இல்லை. இரண்டு வாரத்தில் அந்தக் கத்தி பூசணிக்காயில் பல் பல்லாக உடைந்தது. அதற்குள் சமையல்கூடத்திலேயே அம்மாவுக்கு வேறு கத்தி கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அலுப்பாக இருக்கிறது. சோறு வடிக்கும்போது இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடி, தினமும் பிரேயர் முடிந்த பிறகு வகுப்பு வாசலில் நின்றேன். பள்ளிக்கூடத்தை விடவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தூங்கினேன். அம்மா கிளம்பும்போது நான் தூக்கம், அவள் வரும்போது தம்பி தூக்கம். அப்பா கேஜைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு முட்டி தேய்ந்து அவள் நின்ற வருஷம் எனக்குப் பெங்களூரில் ஒரு கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. இப்போது அதே ரயிலில் நான் போகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா முறத்தில் பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு மாமா கத்தி தீட்டுனப்ப அந்தத் திருக நான்தான் எறக்கி வச்சேன்."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தேன். நீ திருகனத பாத்தேன்."

"பாத்துட்டு சும்மாவா இருந்தே?"

"சொன்னா உங்க மாமன் மறுபடி இருவதுலதான கொண்டாந்து வச்சிருப்பான்" என்றாள் அம்மா. "நான் கோப்பையில எப்பவும் படுக்க வச்சிதான் தேய்ப்பேன். படுக்கப் படுக்கத்தான் கூரு ஏறும். அவனுக்கு இன்னா தெரியும்."

நான் ஏன் அதைச் செய்தேன் என்று தெரியுமா என்று கேட்டேன். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் போவக்கூடாதுன்னு பண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். வருத்தமாகவும் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்பது போலவும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக மாமா மேல், அப்பா மேல், என் கையின் மேல் இருந்த கோபம் எல்லாம் அவள் பக்கம் திரும்பியது. கேட்க நிறைய இருந்தது. ஆனால் துணி துவைக்க வேண்டியிருந்தது, மறுநாள் விடியற்காலையில் எழ வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

அம்மா வேலைக்குப் போன அந்த முதல் புதன்கிழமையை மட்டும் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அன்று நானும் சீக்கிரம் எழுந்துவிட்டேன். அம்மா ஆராதனைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். கண்ணாடி முன்னால் இரண்டு முறை போய் நின்றாள். வழக்கமாக எங்கே கிளம்பினாலும் லைன் கோடி வரைக்கும் எனக்கு வேலை சொல்லிக்கொண்டே போவாள், கதவைச் சாத்து, பாலை மூடு, தம்பியைப் பார் என்று. அன்று ஒன்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆன்ட்டிக்கு முன்னால், அவ்வளவு வேகமாக நடந்தாள். நான் தம்பியோடு வாசலில் நின்று பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள், அதனால்தான் திரும்பாமல் போகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.