துரை பேரில் போன கோல்

எனக்கு எண்பத்து மூன்று வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன். அத்தனை பேரையும்விடப் பந்தாட்டம் எனக்குத்தான் அதிகம் தெரியும். இப்போது டிவியில் ஆட்டம் முடிந்ததும் கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து, ஏன் தோற்றோம் என்று பேசுகிறார்கள். ஆளைப் பொறுக்கியது யார், அவர் யாருக்கு உறவு என்பதை மட்டும் சொல்வதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

லாபிஸ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அது ஒளிவுமறைவில்லாமல் நடந்தது. ஆளைப் பொறுக்குகிறவர் வெள்ளைக்காரத் துரை. முன்னால் நின்று ஆடுகிறவரும் அவரே. நம் ஆட்கள் வெறுங்காலோடு ஓடுவார்கள். துரை பூட்ஸ் போட்டுக்கொண்டு எதிராளியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். பந்து யாருக்குக் கிடைத்தாலும் அவர் காலடிக்குத் தள்ளிவிட வேண்டும். இப்படி ஒரு சட்டம் என்று யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் தெரியும். பல தரம் தள்ளினால் ஒரு தரம் உள்ளே போகும்.

என் வீட்டுக்காரர் பால் வெட்டுகிறவர். அந்த டீமில் இடது பக்கம் ஆடுவார். ஒரு தரம் சிகாமட் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். முடிகிற நேரம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். பந்து இவரிடம் வந்தது. துரை கையைத் தூக்கித் தனக்குப் போடச் சொல்லிக் கத்தினார். இவர் துரையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், தானே அடித்துவிட்டார். கோல். கைதட்டக் கையைத் தூக்கியவர்கள் துரையின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்கள். நான் மட்டும் இடுப்பில் பிள்ளையோடு தட்டி முடித்தேன்.

மறுநாள் விடியற்காலை வேலை பிரிக்கிற பெரட்டில், ஆட்களை வேலை வாங்குகிற தண்டல் இவரைத் தனியே கூப்பிட்டார். மாதம் பிறந்ததும் ஆற்றுக்கு அப்பால் புதுக்காட்டுக்குக் குடும்பத்தோடு போக வேண்டியிருக்கும், துரை வாய்விட்டுச் சொல்லிவிட்டார், ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி என்றார். அங்கே போனவர்கள் குளிர்காய்ச்சலோடு திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. என் பிள்ளைக்கு அப்போது பல்லும் முளைக்கவில்லை.

"காலு தானா போயிடுச்சு புள்ள, நான் என்ன பண்றது?" என்றார் வீட்டுக்கு வந்து.

"காலு மேல பழியப் போடாதீங்க. போகப்போறது நாம மூணு பேரும்."

சிங்கப்பூரிலிருந்து தமிழ்ப் பேப்பர் ரயிலில் வரும். தோட்டத்துச் செய்தியை அதற்கு எழுதி அனுப்புகிறவர் ஆபீசில் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, நாங்கள் சுற்றி நின்று கேட்டோம். கடைசி நேரத்தில் துரையவர்களே அபாரமாக வெற்றிக் கோலை அடித்தார்கள் என்று போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பேரே இல்லை.

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஆபீசில் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினார். வாசலை மறித்து நின்றேன்.

"பேப்பர்ல துரைதான் அடிச்சாரு. அப்ப நீங்க என்ன தப்பு செஞ்சீங்க? எதுக்கு நம்மளக் காட்டுக்கு அனுப்பணும்?"

 இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கிராணி அந்தச் செய்தியைத் துரைக்கு இங்கிலீசில் வாசித்துக் காட்டினாராம். மாதம் பிறந்தது, ஆர்டர் வரவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வந்த ஒரு விருந்தாளியிடம், தான் எப்படித் திரும்பினேன், எந்தக் காலால் அடித்தேன் என்று துரை செய்து காட்டியதை நானே பார்த்தேன். இடது கால். கால் சரிதான், ஆள்தான் வேறு. நடித்தாரா, அச்சில் வந்ததால் நம்பியே விட்டாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

துரையைக் குளிர வைக்க எழுதினாரா, எங்களைக் காப்பாற்ற எழுதினாரா என்று கிராணியிடம் அறியப் பார்த்தேன்.

"ஐயா, நீங்க ஆட்டம் பாத்தீங்கதானே?"

"பாத்தனான், பிள்ளை."

"கோல் போட்டது யாரு?"

"பேப்பரில கிடக்கு. வாசிக்கத் தெரிஞ்ச ஆரையும் கேள்," என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் சிலேட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகினேன். பேப்பரை நான் நம்புவதில்லை. ஒரு நாளும் வாங்காமல் விட்டதும் இல்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோலைப் பார்த்த கண் இப்போது என்னுடையது மட்டும்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். வா கண்ணு, எனக்கு இதை வாசித்துக் காட்டு. அடித்தது உன் தாத்தா என்று வருகிறதா, இல்லை, என் எழுத்தும் அதைத் துரைக்கே கொடுத்துவிட்டதா என்று பார்.